கைதட்டல் போதும், டீச்சர்!

“ஒரு மணி நேரம் பேசினால் போதும், சார். முடிக்கும்போது ஆசிரியர்கள் எல்லாரும் கண்கலங்கிப் போகவேண்டும்.”

ஆசிரியர் பயிலரங்குகளுக்கு என்னை அழைப்பவர்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘தன்முனைப்பு உரை’ என்று போட்டிருக்கும். நேரம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைத் தூங்கவிடாமல் உட்காரவைக்க ஒரு வெள்ளைக் கோலும் ஒரு சோகக் கதையும் உதவும் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு.

கண்கலங்க வைப்பது ஒன்றும் கடினமில்லை. சின்ன வயதில் சாக்கடையில் விழுந்தது, அம்மா அழுதது, பிறகு பட்டம் வாங்கியது என்று வரிசையாகச் சொன்னால் போதும். அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். படம் எடுத்துக்கொள்வார்கள். “உங்களைப் பார்க்கும்போது எங்கள் கஷ்டமெல்லாம் ஒன்றுமே இல்லை” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால், திங்கட்கிழமை காலையில் அவர்கள் வகுப்புக்குள் நுழையும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் சரியாகக் கண் தெரியாத பிள்ளைக்கு என் பேச்சால் என்ன கிடைத்தது?

ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியைப் பற்றி ஒவ்வொரு பயிலரங்கிலும் நான் சொல்வதுண்டு. சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். பத்திரிகையாளர், மேடை நகைச்சுவைக் கலைஞர். மெல்பர்ன் பள்ளி ஒன்றில் சட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, இருபது நிமிடம் கழித்து ஒரு மாணவன் கையை உயர்த்தி, ‘உங்கள் பேச்சை எப்போது ஆரம்பிப்பீர்கள்?’ என்று கேட்டானாம். சக்கர நாற்காலியில் ஒருவர் பள்ளிக்கு வந்தால் தன்முனைப்பு உரைதான் நிகழ்த்துவார் என்பது அவன் அனுபவம். அவர் பாடம் நடத்த வந்த ஆசிரியராக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. 2014-ஆம் ஆண்டு சிட்னியில் ஆற்றிய உரையில் இதை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் காலமானார்.

நம் பள்ளிகளிலும் அப்படித்தான். மேடையில் மாற்றுத்திறனாளியைப் பார்த்துப் பழகிய அளவுக்கு, ஆசிரியர் அறையிலோ அலுவலகத்திலோ சக ஊழியராக நாம் பார்த்துப் பழகவில்லை. அதனால் இப்போதெல்லாம் என் கதையைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன். மீதி ஐம்பது நிமிடமும் வகுப்பறையைப் பற்றித்தான் பேச்சு.

எனக்கு இருப்பது ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரைக் குறைபாடு. உலக அளவில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்குச் சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும். முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நடுப்பார்வை மட்டும் பல ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கும். சிக்கலே அங்கேதான். புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளை காலடியில் கிடக்கும் பையில் தடுக்கி விழுந்தால், ஆசிரியர் என்ன நினைப்பார்? ‘விளையாட்டுப் புத்தி’, ‘நடிக்கிறான்’. என் தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் ஆண்டு தவறாமல் வந்தது.

பயிலரங்கில் ஒரு தாளைக் குழல்போல் சுருட்டி, ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, மறுகண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். அப்படியே மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பையை எடுக்கவேண்டும். அந்த இரண்டு நிமிடம் யாரும் கண்கலங்குவதில்லை. ஆனால் முடிந்ததும் குறிப்பெடுக்கத் தொடங்குகிறார்கள்.

எதைக் கவனிக்கலாம்? வெயிலில் திடலில் நின்றுவிட்டு மண்டபத்துக்குள் வரும்போது தன் இடத்தைத் தேடித் தடுமாறும் பிள்ளை. பூப்பந்து பக்கவாட்டில் வந்தால் பார்க்கவே பார்க்காத பிள்ளை. நீங்கள் விரலை நீட்டி ‘நீ சொல்’ என்றால், தன்னைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளை. பெற்றோரும் கவனிக்கலாம். பகலில் ஓடி ஆடும் பிள்ளை, இரவில் கோயில் திருவிழாவுக்குப் போனால் அம்மாவின் கையை விடவே மாட்டேன் என்கிறதா? இருட்டைக் கண்டு பயம் என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத்துப் பலகையை வாசிக்கவைக்கும் சோதனையோடு நிறுத்தாமல், ஓரப் பார்வையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பணம் காசு செலவில்லாத சில காரியங்கள். வெண்பலகையில் எழுதும்போது எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இதை அதோடு கூட்டினால்’ என்பதற்குப் பதிலாக எண்ணையே சொல்லுங்கள். மை தீர்ந்துபோன பச்சை மார்க்கரைக் குப்பையில் போட்டுவிட்டுக் கறுப்பை எடுங்கள். கேள்வி கேட்கும்போது பெயரைச் சொல்லி அழையுங்கள். மேசை நாற்காலியை இடம் மாற்றினால் முன்கூட்டியே தெரிவியுங்கள். பைகளை நடைபாதையில் வைக்கவிடாதீர்கள்.

எழுத்தைப் பெரிதாக்குவது பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பார்வை மங்கிய பல பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்து உதவும். ஆனால் என்னைப் போல் பார்வைப் பரப்பு குறுகியவர்களுக்கு எழுத்தை மிகப் பெரிதாக்கினால், ஒரு நேரத்தில் இரண்டு மூன்று எழுத்துகள்தான் கண்ணில் படும். வாசிப்பு இன்னும் மெதுவாகும். ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் ‘கண் சரியில்லை’ என்றாலும், ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளையைக் கேட்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. இரக்கப்பட்டாலும் ‘பாவம்’ என்கிறோம். தீவினையையும் ‘பாவம்’ என்கிறோம். எங்களைப் போன்ற பிள்ளைகள் இரண்டையும் கேட்டே வளர்கிறோம். உறவினர் வீட்டில், ‘யார் செய்த பாவமோ!’ பள்ளியில், ‘பாவம், அவனை விட்டுவிடுங்கள்.’ முதலாவதற்குப் பதில் எளிது. இது மரபணுவில் வருவது. பெற்றோர் இருவருக்கும் கண் நன்றாகத் தெரிந்தாலும் பிள்ளைக்கு வரலாம். யாருடைய வினையும் இல்லை. இரண்டாவது பாவம்தான் அதிகச் சேதம் செய்கிறது.

இடைநிலைப்பள்ளியில் எனக்கு ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். நல்ல மனிதர். மற்றவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது, “நீ கஷ்டப்பட வேண்டாம்” என்று என்னை வகுப்பிலேயே உட்காரவைப்பார். செய்முறை மதிப்பெண்ணையும் போட்டுவிடுவார். மூன்று ஆண்டுகள் நான் ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை. படிவம் 4-க்குப் போகும்போது அறிவியல் பிரிவு கேட்டேன். அடிப்படை போதாது என்றார்கள். உண்மைதான். அடிப்படை போட யாரும் விடவில்லையே!

அதே பள்ளியில் ஒரு கணித ஆசிரியை. சமன்பாட்டை எழுதும்போதே வரிவரியாகச் சொல்லுவார். எனக்காகச் செய்கிறேன் என்று ஒருநாளும் அறிவித்ததில்லை. வகுப்பில் எல்லாருக்குமே அது பயன்பட்டது. சிவப்பு மை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று சொன்னதும், என் தாளை நீல மையில் திருத்தத் தொடங்கினார். பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவே இல்லை. அவர் என்னிடம் தன்முனைப்பாக ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் எனக்குச் சிறப்பாக வந்த பாடம் கணிதம்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. 2010-இல் ஐ.நா. உடன்படிக்கையையும் நாடு ஏற்றது. 2019 முதல் ‘ஸீரோ ரிஜெக்ட்’ கொள்கையின்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது. ஆனால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீறுவோருக்குத் தண்டனைப் பிரிவு கிடையாது. பள்ளிக் கதவைக் கொள்கை திறந்துவைக்கலாம். உள்ளே வந்த பிள்ளை கற்கிறதா இல்லையா என்பது ஆசிரியர் கையில்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சமூகநல இலாகா வழங்கும் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிவு செய்ய நம் குடும்பங்களில் இன்னும் தயக்கம் இருக்கிறது. ‘முத்திரை குத்தியதாகிவிடும்’, ‘பெண் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள்?’ என்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேர்வில் கூடுதல் நேரமோ பெரிய எழுத்து வினாத்தாளோ கேட்டு விண்ணப்பிக்கும்போது, அட்டையும் மருத்துவர் கடிதமும் கையில் இருந்தால் வேலை எளிதாகும். மறைத்து வைத்தால், பிள்ளையின் பெயரில் ஒட்டிக்கொள்ளும் முத்திரை ‘மக்கு’ என்பதாகத்தான் இருக்கும்.

அண்மையில் ஒரு பயிலரங்கில், பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்து கேட்டார்: “சார், என் வகுப்பில் முப்பத்தைந்து பேர். உதவிக்கு ஆள் இல்லை. பாரம் நிரப்பவே நேரம் போதவில்லை. இதையெல்லாம் எப்போது செய்வது?” அரங்கம் அமைதியானது. அன்று எழுந்த கேள்விகளிலேயே மிக நேர்மையானது அதுதான். ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று சொல்லி அவரை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியரின் சுமையைக் குறைப்பது அமைச்சின் பொறுப்பு; அதைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும் என்றேன். அதுவரைக்கும், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லத் தனி நேரம் தேவையில்லை. எப்படியும் எழுதத்தானே போகிறீர்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது முடியும்” என்றார். அன்று எனக்குக் கிடைத்த கைதட்டலைவிட அந்த இரண்டு சொற்கள் பெரியவை.

அடுத்த பயிலரங்குக்கு ஒரு தன்முனைப்புப் பேச்சாளரைத் தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அதற்கு முன் உங்கள் வகுப்பில் இருக்கும் அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்து, ‘நான் எழுதுவது உனக்குத் தெரிகிறதா? எப்படிச் செய்தால் உனக்கு வசதி?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல்நாள் சரியான பதில் வராது. ‘தெரிகிறது, டீச்சர்’ என்றுதான் சொல்லும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.