வர்த்தமானி விதைக்கும் பஞ்சம்

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் மாதச் செலவுக் கணக்கைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் எவரும் ஓர் உண்மையை மறுக்க மாட்டார். அரிசி, மா, சீனி, பருப்பு, தேங்காய், எண்ணெய் ஆகிய ஆறு பொருள்களுமே ஆசிரியரின் சம்பளத்தையும் எழுதுவினைஞரின் ஓய்வூதியத்தையும் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகின்றன. அதே வேளை மருதனார்மடத்துக்கும் திருநெல்வேலிக்கும் மூட்டை கொண்டு வரும் தோட்டக்காரனைக் கேளுங்கள். "விலை ஏறிவிட்டது என்கிறார்களே, அந்த ஏற்றம் என் மடிக்கு வரவில்லையே" என்கிறான். வாங்குபவனும் அழுகிறான், விற்பவனும் அழுகிறான். அப்படியாயின் இடையிலே நின்று சிரிப்பவன் யார்?

இக்கேள்விக்கு மந்திரிமார் ஆண்டுக்கொரு விடை வைத்திருக்கின்றனர். ஓராண்டு மழை, மறு ஆண்டு டொலர், பிறிதோர் ஆண்டு எங்கோ நடக்கும் யுத்தம். இவற்றில் உண்மையே இல்லை என யாம் வாதிக்கவில்லை. ஆயின் மழை பொய்த்தாலும், உலகச் சந்தை உயர்ந்தாலும், அதன் சுமையை எவர் தலையில் எவ்வளவு ஏற்றுவதென்று தீர்மானிப்பது அரசாங்கத்தின் கை. அந்தக் கை எழுதும் ஏட்டின் பெயரே வர்த்தமானி. வானம் செய்த கேட்டிலும் வர்த்தமானி செய்த கேடு பெரிதென்பதே யாம் இங்கு நிறுவ விரும்பும் வழக்கு.

சரித்திரம் கூறும் சாட்சியம்

1953ஆம் ஆண்டில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஏழை வயிற்றில் அடித்த அந்த அடிக்கு ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு பதில் சொன்னது. இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைக்க, தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. வடக்கிலும் தெற்கிலும் கடைகள் மூடின, தண்டவாளங்கள் பெயர்ந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடிய வெட்கக்கேட்டையும் உலகம் கண்டது. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். அரிசி விலை அரசாங்கம் செய்த தீர்மானம் என்பதையும், அத்தீர்மானத்தை மக்கள் அசைக்க முடியும் என்பதையும் அந்த ஆண்டு ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று.

ஆனால் பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1966 டிசெம்பரில், பங்கீட்டு அரிசி பாதியாகக் குறைக்கப்பட்டபோது, அதே தமிழரசுக் கட்சி அந்த அரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதி வைத்தல் நேர்மை.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண் பொன் விளைந்த காலம் அது. கல்வீடுகள் எழுந்தன, நீரிறைக்கும் இயந்திரங்கள் கிணற்றடிக்கு வந்தன, படித்த வாலிபர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் நட்டனர். அதே காலத்தில் பட்டணத்திலே விடியற்காலையில் பாணுக்கு வரிசை நின்றதும், அரிசியும் மிளகாயும் கொண்டு செல்வோரின் பை வழியிலே சோதிக்கப்பட்டதும் மூத்தோர் மறவாதவை. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் கதவை அகலத் திறந்துவிட்டது. உத்தியோகத்தருக்குச் சாமான் கிடைத்தது. தோட்டக்காரனுக்குச் சந்தை போயிற்று. ஒரு கட்டளை ஒருவனை வாழ்வித்து மற்றவனை வருத்தியது. மறு கட்டளை மற்றவனை மகிழ்வித்து முன்னவனை வீழ்த்தியது. அவ்விரு கட்டளைகளும் எழுதப்பட்டபோது யாழ்ப்பாணத்தானின் கருத்தைக் கேட்டவர் எவருமில்லை.

1990க்குப் பின் வந்தது பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயும் உரமும் சீமெந்தும் மின்கலமும் தடைப்பட்டியலில் ஏறின. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டபோது, குடாநாடு முழுவதும் கப்பலின் வரவை எதிர்பார்த்துச் சங்கக்கடை வாசலில் நின்றது. பட்டினியை ஆயுதமாக ஏந்திய அக்காலத்தைப் போர்க்காலம் என்று கூறி முடித்துவிடலாம் எனச் சிலர் எண்ணுவர். அப்படியாயின் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது என்ன?

2021 மே மாதத்தில் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. ஒரு போகம் பரீட்சித்துப் பார்க்கவுமில்லை. மாற்று உரம் சேகரித்து வைக்கவுமில்லை. நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோகம் கெட்டுவிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா! சம்பளம் அப்படி உயர்ந்ததா? கூலி உயர்ந்ததா? அரசாங்கம் கண்ட பரிகாரம் யாதெனில், வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கியதே. உரத்தைப் பறித்துத் தோட்டக்காரனைத் தரிசில் நிறுத்திவிட்டு, எழுதுவினைஞனை மண்வெட்டி எடுக்கச் சொன்ன விந்தையை என்னென்பது!

ஒரு கீறலில் இரு கொள்ளை

அந்தக் கையின் வேலையை இரண்டு கணக்குகளாற் காட்டுவோம்.

முதலாவது சீனி. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், உணவுப் பொருள்களின் இறக்குமதி வரியை வர்த்தமானிக் கட்டளையால் ஏற்றவும் இறக்கவும் நிதி அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. கட்டளை முதலில் நடைமுறைக்கு வரும். பாராளுமன்றம் பின்னர்தான் அதைப் பார்க்கும். 2020 ஒக்டோபர் 13ஆம் நாள் சீனிக்கான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் விலை 49 ரூபா 75 சதம் இறங்கியதா? இறங்கவில்லை. திறைசேரி இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கு மேலெனப் பின்னர் கணக்கிடப்பட்டது. மக்களுக்கும் சேராமல், அரசுக்கும் சேராமல், அப்பணம் இறக்குமதிக்காரரின் பெட்டிக்குள் நுழைந்தது.

இரண்டாவது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. ஆறில்லாத குடாநாட்டில் பயிருக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்தே வரவேண்டும். இறைக்கும் இயந்திரத்தில் பெரும்பாலானது மண்ணெண்ணெயில் ஓடுவது. கடலோடியின் வெளியிணைப்பு இயந்திரமும் அவ்வாறே. லீற்றருக்கு 253 ரூபா அதிகம் கொடுத்து இறைத்த வெங்காயம் மலிவாய் வருமா? அப்படி இறைத்து வளர்த்தவன், அறுவடை வேளையில் வரி குறைந்து பம்பாய் வெங்காயம் கப்பல் கப்பலாய் இறங்கினால் எங்கே போவான்? போட்ட முதலுக்கே விற்கிறான். அடுத்த போகத்தில் பரப்பைக் குறைக்கிறான். பரப்புக் குறைந்ததும் விலை ஏறுகிறது. அப்போது எழுதுவினைஞன் வீட்டில் கண்ணீர். இந்தச் சுழற்சியையே யாம் பஞ்சத்தை விதைத்தல் என்கிறோம்.

சில்லறைக் கடைக்காரனே குற்றவாளியா?

விலை ஏறியதும் அரசாங்கம் கையிலெடுக்கும் கோல் உச்ச சில்லறை விலை. 2021 ஓகஸ்ட் இறுதியில் பதுக்கலை ஒடுக்குவதாகச் சொல்லி உணவு விநியோகத்துக்கென அவசரகால விதிகளே பிறப்பிக்கப்பட்டன. ஒரு மாதம் செல்லுமுன் அரிசிக்கான விலைக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. பெரிய ஆலைக்காரர் வென்றனர். 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபா என மீண்டும் உச்ச விலை குறிக்கப்பட்டபோதும் கடைத் தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தமை எல்லோரும் கண்டது.

ஆலையிலே நெல்லைத் தேக்கி வைப்பவனிடம் சட்டம் செல்வது அரிது. நீதவான் மன்றத்தில் கைகட்டி நிற்பவன், மூன்று மூட்டை அரிசியை மொத்த வியாபாரி கேட்ட விலைக்கு வாங்கி, அதற்கு மேல் ஐந்து ரூபா வைத்து விற்ற ஊர்க் கடைக்காரன். கொள்வனவு விலையைக் கட்டாமல் விற்பனை விலையை மட்டும் கட்டுவது, வாய்க்காலின் தலைப்பைத் திறந்து விட்டுக் கடைமடையில் அணை போடுவது போன்றது. பதுக்குபவன் தமிழனாயினும் சிங்களவனாயினும் முஸ்லிமாயினும் அவனைத் தண்டிப்பதில் எமக்கு ஆட்சேபமில்லை. பெரியவனிலிருந்து தொடங்குங்கள் என்றே கேட்கிறோம்.

நமது வீட்டுக் கணக்கு

கொழும்பைக் குறை கூறி முடித்துவிட்டால் இக்கட்டுரை பாதி உண்மையாகவே நிற்கும். 13ஆம் திருத்தத்தின் மாகாண சபை நிரலில் விவசாயம் உண்டு, சந்தைகள் உண்டு, மாகாணத்துக்குள் உணவு வழங்கலும் விநியோகமும் உண்டு, கூட்டுறவு உண்டு. அதிகாரம் குறைபாடுடையது என்பது உண்மை, வெறுமையானதன்று. 2013 முதல் 2018 ஒக்டோபர் வரை வட மாகாணத்தில் நமது மக்கள் தெரிந்த சபை இருந்தது. அச்சபை வடக்குக்கென ஓர் உணவுக் களஞ்சியத் திட்டத்தை நிலைநாட்டிச் சென்றதா? 2017ஆம் ஆண்டு அமைச்சர்மீதான விசாரணையிலும் முதலமைச்சர்மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் கழிந்தது. பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலை ஆண்டாண்டாய் ஒத்திவைத்த குற்றம் கொழும்பினுடையது. இருந்த காலத்தை வீணாக்கிய குற்றம் நம்மவருடையது.

கூட்டுறவைப் பாருங்கள். 1930களில் மூளாயில் மருத்துவமனையையே கூட்டுறவால் எழுப்பிய மண் இது. கூட்டுறவுப் பெரியார் வீரசிங்கத்தின் பெயர் யாழ்ப்பாணத்து மண்டபமொன்றில் இன்றும் நிற்கிறது. அம்மண்டபத்தில் அரசியற் கூட்டம் நடத்துவோரில் எத்தனை பேர் தம் ஊர்ச் சங்கத்தின் அங்கத்தவர்? பங்கீட்டுக் காலத்திலும் தடைக் காலத்திலும் நம்மைக் காத்த சங்கக்கடையை, கடை வீதியில் பளபளப்பு வந்ததும் கைவிட்டோம். இன்று விலை ஏறியதும் கடைக்காரனைத் திட்டுகிறோம்.

நிலத்தையும் சொல்லியாக வேண்டும். வலிகாமம் வடக்கின் செம்மண் குடாநாட்டின் மிகச் சிறந்த விளைநிலங்களுள் ஒன்று. 1990இல் அம்மக்கள் பெயர்ந்தனர். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் சென்றனர், போராடினர், பின்னர் பகுதி பகுதியாக நிலம் மீண்டது. மீளாமற் கிடக்கும் ஒவ்வொரு பரப்பும் சந்தைக்கு வராத மூட்டை. காணி உரிமை வேறு, உணவு விலை வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

யாம் கேட்பது

"மலிவாய்க் கிடைக்கும் வெங்காயத்தைத் தடுத்து உன் தோட்டக்காரனை நான் ஏன் போஷிக்க வேண்டும்?" எனச் சம்பளக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தடை வேண்டுமென யாம் கேட்கவில்லை. எழுபதுகளின் பாண் வரிசையை யாரும் விரும்பார். யாம் கேட்பது முன்னறிவித்தல். எந்த மாதத்தில் எவ்வளவு வரி என்பதை நடுகைக்கு முன்னரே அறிவியுங்கள். அறுவடைக்கு நடுவில் மாற்றாதீர்கள். அப்போது தோட்டக்காரன் கணக்கிட்டு நடுவான். சந்தை ஒழுங்காய் நிரம்பும். சம்பளக்காரரும் ஒரு மாதம் மலிவு, மறு மாதம் நெருப்பு என்று தவிக்க வேண்டியிராது.

இரண்டாவது, இறைப்பு மண்ணெண்ணெய்க்கான மானியம் அட்டை மூலம் நேரே தோட்டக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் செல்லட்டும். மூன்றாவது, மாகாண சபையைத் தேர்தலின்றி வைத்திருக்கும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, உணவு வழங்கல் அதிகாரம் வடக்கின் கையில் வரட்டும். "அதிகாரப் பகிர்வு பானையை நிரப்புமா?" என ஏளனம் செய்வோருக்கு ஒரு சொல்: உர வர்த்தமானி எழுதப்பட்ட நாளில் வடக்கின் விவசாயம் வடக்கின் கையில் உண்மையாகவே இருந்திருந்தால், கொழும்பின் ஒரு பிடிவாதம் நமது வயல்கள் அனைத்தையும் ஒரே போகத்தில் வாட்டியிராது.

நான்காவது நம் கையிலேயே உள்ளது. சட்டத்தரணி, மருத்துவர், ஆசிரியர், பொறியியலாளர் ஆகியோர் தத்தம் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராகுங்கள், பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள், கணக்கைக் கேளுங்கள். சங்கம் கிளிநொச்சி நெல்லை அறுவடையிலேயே வாங்கிச் சேமிக்கட்டும். வலிகாமத்து வெங்காயத்தைத் தோட்டத்திலேயே நியாய விலைக்கு எடுக்கட்டும். விதை வெங்காயத்தையும் விதைக் கிழங்கையும் பாதுகாத்து அங்கத்தவருக்கே திருப்பித் தரட்டும். இடைத்தரகரின் பங்கில் ஒரு பகுதி விளைவிப்பவனுக்கும் மறு பகுதி உண்பவனுக்கும் சேரும்.

2022இல் தமிழ்நாட்டு மக்கள் 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் இத்தீவின் எல்லா மக்களுக்குமென அனுப்ப முன்வந்தனர். அந்த அன்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் கிணறும் செம்மண்ணும் உழைக்கும் கையும் உள்ள இனம் அயலாரின் கப்பலை நம்பி அடுப்பு மூட்டலாகாது.

தோட்டக்காரரே, உத்தியோகத்தரே! உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராக்கி வைத்திருக்கும் வரை வர்த்தமானி எழுதும் கைக்கு அச்சமில்லை. அடுத்த நடுகைக்கு முன் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடும். அன்று இருவரும் ஒரே வாங்கில் அமருங்கள்.