தட்டினாலே போகும் பணம்



போன வாரம் பெரிய மார்க்கெட்டில் என் வங்கிக் கார்டைத் தவறவிட்டேன். மீன்கார அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயமே வந்தது. அது பின் நம்பர் கேட்காமல், மெஷினில் தட்டினாலே பணம் போகும் கார்டு. இதற்கான வரம்பை 2021 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்திவிட்டது. ஐயாயிரம் பல வீடுகளில் ஒரு மாத மளிகை.

வசதி இருக்கட்டும். ஆனால் வேண்டுமா என்பதைக் கார்டு வைத்திருப்பவர்தான் முடிவு செய்யவேண்டும். வங்கி ஆப்பிலேயே இதை நிறுத்தலாம், வரம்பையும் குறைக்கலாம். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரியாது.

பிள்ளைகளே, இந்த ஞாயிறு அப்பா அம்மாவோடு உட்காருங்கள். நீங்களே மாற்றிவிடாதீர்கள், சொல்லிக்கொடுத்து அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். கார்டு தொலைந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.