இதற்குப் பராமரிப்புத்தான் மருந்து

மருந்து ஒவ்வாமல் தோல் உரிந்துபோகும் கொடிய வருத்தத்தைப் பற்றிப் புங்குடுதீவில் பேச்செடுத்தால் வரும் பதில் இது: "அது பத்து லட்சத்திலை ஒருத்தருக்கு வாறது. வந்தாலும் யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர்மார் பாப்பினம். இஞ்சை உள்ள நேர்ஸ்மாரும் வீட்டுக்காரரும் என்ன செய்யிறது?"

அரிது என்பது சரி. ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிறது. 1922இல் ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற அமெரிக்க வைத்தியர்கள் இரண்டு சிறுவர்களிடம் கண்டதும், 1956இல் அலன் லயல் நான்கு நோயாளிகளை வைத்து விவரித்ததும் இதன் வெவ்வேறு அளவுகள்தான். உடலின் 30 வீதத்துக்கு மேல் தோல் உரிந்தால் மூன்றில் ஒருவர் வரை இறக்கிறார்கள். ஆனால் வருத்தம் அரிதென்றாலும் அதைக் கொண்டுவரும் மருந்துகள் அரிதல்ல. வலிப்புக்குக் கார்பமசெப்பீன், பினிற்றோயின். யூரிக் அசிட்டுக்கு அலோபியூரினோல். கிருமித் தொற்றுக்குச் சல்பா சேர்ந்த குளிசை. கிளினிக் கொப்பி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இவற்றில் ஒன்று இருக்கலாம்.

"அம்மாள் வருத்தம், வேப்பிலை போட்டு வீட்டிலை வைச்சாக் காணும்" என்பது அடுத்த வாதம். முதலில் காய்ச்சல், தொண்டை நோ, கண் எரிவு என்று தொடங்குவதால் இந்த மயக்கம் வருவது இயல்பு. அம்மாள் வருத்தமான கொப்பளிப்பான் அரிக்கும், நீர் கோத்த முத்துகள் தொகுதி தொகுதியாகப் போடும். இதுவோ நோகும். உதடும் வாயும் புண்ணாகும், கண் சிவந்து திறக்க முடியாமற் போகும், நெஞ்சிலும் முதுகிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் படரும், விரலால் மெல்லத் தேய்த்தாலே மேற்தோல் வழுகி வரும். வேப்பிலை விரித்துக் கிடத்தும் அந்த இரண்டு மூன்று நாளும் நோயாளி பழைய குளிசையைத் தொடர்ந்து விழுங்குகிறார். அதுதான் கொல்வது. உடலில் இருந்து விரைவாகக் கழியும் மருந்துகளைப் பொறுத்தவரை, நிறுத்துவதில் முந்தும் ஒவ்வொரு நாளும் இறப்பு ஆபத்தை ஏறத்தாழ 30 வீதம் குறைக்கிறது என்று 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அப்படியான ஒரு நாள், நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி பஸ் பிடிக்கிறவருக்குப் பயணத்திலேயே கழிந்துவிடும். ஆகவே குளிசையை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் டொக்டர் அல்ல, கரையில் முதலில் காணும் தாதி. நிறுத்தச் சொன்ன கையோடு 1990 அம்புலன்சுக்கு அழைத்து அன்றைக்கே ஆளை ஏற்றிவிட வேண்டும்.

எந்தக் குளிசையை நிறுத்துவது? "அதை மூண்டு கிழமையாக் குடிக்கிறன் பிள்ளை, அது ஒண்டும் செய்யேல்லை. நேற்றுக் குடிச்ச பனடோல்தான் ஒத்துக்கொள்ளேல்லை" என்பார் முதியவர். பெரும்பாலும் நேர் எதிரானதே உண்மை. தொடங்கி நான்கு நாள் முதல் நான்கு கிழமைக்குள்தான் இந்த வருத்தம் கிளம்பும். பனடோல் காய்ச்சலுக்காகப் பிறகு வந்தது; அந்தக் காய்ச்சலே வருத்தத்தின் தொடக்கம். கடந்த இரண்டு மாதத்தில் புதிதாகத் தொடங்கிய ஒவ்வொன்றையும் திகதியோடு கேட்டெழுதும் தாதி பாதி வேலையை முடித்துவிட்டார்.

"ஊசி மருந்துதான் சுகப்படுத்தும், தாதி சும்மா பார்த்துக்கொள்ளுறவ" என்ற எண்ணத்தைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். இந்த வருத்தத்தை நிச்சயமாக மாற்றும் மருந்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது இன்றுவரை இல்லை. 1998இல் அனுராதா சாகா என்ற பெண் கொல்கத்தாவில் இதற்காகச் சிகிச்சை பெற்று, மே 28ஆம் திகதி மும்பையில் இறந்தார். இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பு ஸ்டீரொயிட் ஊசியின் அளவை மட்டும் பிழை சொல்லவில்லை. சேலைன் ஏற்றாததையும், தொற்றைத் தடுப்பதாகச் சொல்லி இடைவிடாத தாதியப் பராமரிப்பைக் கைவிட்டதையும் சேர்த்தே கண்டித்தது.

அந்தப் பராமரிப்பு எப்படிப்பட்டது? தோல் போன உடம்பு சூட்டைப் பிடித்து வைக்காது. அறை 28 பாகை அளவில் இருக்க வேண்டும், மின்விசிறியை நேரே விடக் கூடாது. பிளாஸ்டர் ஒட்டவே கூடாது, இழுக்கும்போது தோலும் வரும். தளர்ந்த மேற்தோலை வெட்டியெறியாமல் அப்படியே படிய விட வேண்டும். அதுவே காயத்துக்கு மூடி. அதன்மேல் பரபின் தோய்த்த வலைத்துணி. வாழையிலையில் கிடத்தும் வழக்கம் இந்திய வாட்டுகளில் உண்டு. இலை புண்ணில் ஒட்டாது. தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளைக் களிம்பில் சல்பா இருக்கிறது. சல்பாவால் உரிந்தவருக்கு அதைப் பூசினால் எரியும் வீட்டில் எண்ணெய் வார்த்ததுதான். கண்ணை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பார்த்து, உப்புநீரால் கழுவி, துளி மருந்து விட வேண்டும். விட்டால் இமை விழியோடு ஒட்டிவிடும். உயிர் தப்பியும் பார்வை இழந்தவர்கள் உண்டு. இவை இராப்பகலாகத் தாதியின் கையால் நடக்க வேண்டியவை.

"அப்ப இங்கிலீசு மருந்தே வேண்டாம்" என்பாரும் உளர். வலிப்புக்காரர் குளிசையை விட்டுவிட்டுக் கிணற்றடிக்கும் கடலுக்கும் போவதன் ஆபத்து இதைவிடப் பெரிது.

உயிர் தப்பியவருக்கு அந்த மருந்து ஆயுளுக்கும் ஆகாது. கார்பமசெப்பீனால் வந்ததென்றால் பினிற்றோயினும் பினோபாபிற்றோனும் கூட ஆகாது. அந்தப் பெயர்களைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக் கொடுக்க வேண்டியவரும் தாதிதான். கனடாவிலிருந்து மகன் அனுப்பும் குளிசைப் பார்சலைப் பிரித்தாலும், அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வீட்டார் கொடுக்க வேண்டும்.