அப்பாயியின் கணக்கு

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். பல கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தில் புதைந்து கல்லாகிப்போன மரம் அது. 1940-ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். இன்று அது வேலியிட்ட பூங்காவில் காக்கப்படுகிறது. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், வாரணவாசி என்னும் ஊரில், கல்லான சிப்பிகளையும் நத்தைகளையும் காட்டுவதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நல்ல காரியம்தான். ஆனால் மரத்தையும் நத்தையையும் இத்தனை அக்கறையோடு நினைவில் வைத்திருக்கும் அந்த மண்ணில், ஐம்பது அறுபது ஆண்டுகள் அடுப்படியில் நின்று மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட மூதாட்டிக்கு என்ன நினைவு இருக்கிறது? தெருமுனையில் ஒரு சுவரொட்டி. கூடத்தில் மாலையிட்ட ஒரு படம். பதினாறாம் நாள் கருமாதி. அத்தோடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது. இது நியாயம்தானா?

விடியுமுன் தொடங்கிய வேலை

பழைய திருச்சி ஜில்லாவின் வடக்குப் பகுதிதான் இன்றைய பெரம்பலூரும் அரியலூரும். கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பக்கம் நெல் விளையும். மற்றபடி பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், வரகு, பருத்தி, சின்ன வெங்காயம், பிற்காலத்தில் மக்காச்சோளம். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. இத்தகைய பூமியில் குடித்தனம் நடத்துவது சுலபமான காரியமல்ல.

கம்பென்றால் உரலில் இட்டுக் குத்திப் புடைக்க வேண்டும். வரகென்றால் திரிகையில் இட்டு உமியைப் போக்க வேண்டும். விடியுமுன் எழுந்து இத்தனையும் செய்தால்தான் உச்சிப்பொழுதில் காட்டில் நிற்பவனுக்குக் கூழ் போய்ச் சேரும். அடுப்புக்குப் பருத்தி மாறும் கருவேல முள்ளும் அவளே சேர்க்க வேண்டும். கோடையில் கிணறு வற்றினால், குடத்தோடு அடுத்த ஊர் வரையில் அவளே நடக்க வேண்டும்.

அவள் வேலை சமையலோடு நின்றதா? இல்லை. அடுத்த போகத்துக்கு வேண்டிய விதை அவள் கையில்தான் இருந்தது. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து, வண்டு அண்டாமல் காத்தவள் அவள். சுரைக்குடுக்கையில் சாம்பலோடு காய்கறி விதையைக் கட்டி வைத்தவள் அவள். விதை வெங்காயத்தில் அழுகினதைப் பொறுக்கி எறிந்து நல்லதை மிச்சப்படுத்தியவள் அவள். வீட்டுக்காரன் விதைத்தான் என்று ஊர் சொல்லும். விதைப்பதற்கு விதை எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்பதில்லை.

பேரப்பிள்ளைக்கு வயிறு நொந்தால் ஓமம், சளி பிடித்தால் சுக்கு, விடாமல் அழுதால் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவுவது என்று வீட்டின் வைத்தியமும் அவளுடையதே. அவற்றில் சிலவற்றைப் பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இரவெல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தாளே, அந்தக் கவனிப்புக்கு மாற்று மருந்து இன்னும் வரவில்லை.

பெயர் சொல்லாதது

வசம்புக்கு நாட்டுப்புறத்தில் ‘பேர் சொல்லாதது’ என்று ஒரு பெயர் உண்டு. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு பெயரும் பாட்டிக்கு எவ்வளவு பொருத்தம்! திருச்சி, பெரம்பலூர் வட்டாரத்தில் தகப்பனைப் பெற்றவள் அப்பாயி. தாயைப் பெற்றவள் அம்மாயி. ஊருக்கோ அவள் இன்னாருடைய அம்மா, இன்னாருடைய ஆத்தா. அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் இருக்கும்; கடைசியில் இறப்புச் சான்றிதழில் இருக்கும். நிலத்துப் பட்டாவில் இருக்குமா? வீட்டுப் பத்திரத்தில் இருக்குமா? பெரும்பாலான வீடுகளில் இராது.

‘உப்பில்லாவிட்டால் தெரியும் உப்பின் அருமை, அப்பன் இல்லாவிட்டால் தெரியும் அப்பனின் அருமை’ என்று ஒரு பழமொழி வழங்குகிறது. அப்பனுடைய அருமை சொல்லாகிவிட்டது. அந்த அப்பனையே பெற்று வளர்த்தவளுடைய அருமையைச் சொல்ல அப்படியொரு வழக்கு எழவில்லை.

அரசகுலத்தில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திர சோழன், தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குக் கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சரத்தில் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். அவள் இன்றைய அரியலூர் மாவட்டத்துப் பழுவூரைச் சேர்ந்தவள் என்று கல்வெட்டுகளைக் கொண்டு ஆய்வாளர் கூறுவர். பெற்ற தாயல்ல, ஆயினும் மன்னன் மறக்கவில்லை. ஆயிரம் ஆண்டாகியும் அவள் பெயர் நிற்கிறது. எல்லாப் பாட்டிக்கும் கோயில் எடுக்க வேண்டியதில்லை. கணக்கில் ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

நீதிமன்றம் போட்ட கணக்கு

கணக்கு எழுதவே முடியாது என்பதில்லை. 1989 மார்ச் 3-ஆம் தேதி ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். இறந்தவர்களில் இல்லத்தரசிகள் பலர். சம்பளம் வாங்காதவளுக்கு நஷ்டஈடு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம், 34 முதல் 59 வயது வரையுள்ள இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாயாக, அதாவது ஆண்டுக்கு 36,000 ரூபாயாக மதித்தது. 62 முதல் 72 வயது வரையுள்ள மூதாட்டிகளுக்கோ ஆண்டுக்கு 20,000 ரூபாய்தான். வயதேறினால் விலை குறைந்தது. ஆயினும் பாட்டியின் பணி சூன்யமல்ல என்று நாட்டின் உயர்ந்த மன்றம் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம்.

2021 ஜனவரியில் மற்றொரு வழக்கில், இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவது அவளுடைய உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் மேலும் வலியுறுத்தியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. கணவன் வெளியே சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் கலந்திருக்கிறது; ஆகவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கும் உதவித் தொகை என்று பெயரில்லை. உரிமைத் தொகை என்றே பெயர். சொல்லில் வந்த மாற்றம் சிறிதல்ல.

வீட்டுக்குள்தான் மாற்றம் மெதுவாக நடக்கிறது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் உழைக்கிறாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். உரல் போய் மின்சார அரைவை வந்துவிட்டது. விறகு போய் எரிவாயு வந்துவிட்டது. சுமை இன்னும் ஒரே தோளில்தான் இருக்கிறது.

அன்புக்கு விலையா?

‘பாட்டியின் அன்பை ரூபாயில் அளப்பதா? இது அவளுக்கே இழிவல்லவா?’ என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் மகனுடைய உழைப்புக்குச் சம்பளம் உண்டு என்பதால் அவன் குடும்பத்தின்மீது வைத்த அன்பு குறைந்துவிட்டதா? இல்லையே! அப்படியிருக்க, அவள் உழைப்புக்கு மட்டும் கணக்கு வைத்தால் அன்பு கெட்டுவிடும் என்பது என்ன நியாயம்? அன்பு அளவில்லாதது என்று சொல்லிச் சொல்லியே அவள் உழைப்பையும் அளக்காமல் விட்டுவிட்டார்கள்.

புகழ்ச்சியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைத்தான் சாப்பிடுவாள், ஒரு நாளும் நோய் என்று படுத்ததில்லை, தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை’ என்று கருமாதி வீட்டில் பேசுவார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் மிச்சத்தைச் சாப்பிட்டதால் அவள் உடம்பு தேய்ந்தது. நோயைச் சொல்லாததால் நோய் முற்றியது. கேட்காததால் ஒன்றும் கிடைக்கவில்லை. இவற்றைப் பெருமையாகப் பாடினால், அடுப்படியில் நிற்கும் மருமகளும் அதையே கற்றுக்கொள்வாள். அவள் மகளும் கற்றுக்கொள்வாள். அப்பாயியின் அன்பு பின்பற்றத் தக்கது. அவள் பட்ட பாடு பின்பற்றத் தக்கதல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் அவளை உண்மையாக நினைப்பது.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. முதலாவதாக, பாட்டி உயிரோடிருக்கும்போதே அவளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கலாம். எந்த மழைக்கு எந்த விதை, எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்று பிழைத்தார்கள் என்பதெல்லாம் அவள் நினைவில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதையே விடுமுறை வேலையாகக் கொடுத்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சரித்திரம் கிடைக்கும்.

இரண்டாவதாக, வீடோ நிலமோ வாங்கும்போது பத்திரத்தில் வீட்டுப் பெண்ணின் பெயரையும் சேர்க்க வேண்டும். வழக்காடி வாங்க வேண்டிய பங்கை மனமுவந்து கொடுப்பதில் என்ன குறை வந்துவிடும்?

மூன்றாவதாக, சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி மகன், மகள் மட்டுமல்ல, வயது வந்த பேரனும் பேத்தியும்கூடப் பொறுப்பாளிகள். கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு சொத்தை எழுதி வாங்கியவர் பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்துச் செய்ய அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. கோட்டாட்சியர் தலைமையில் அமைந்த தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் போதும். பெற்ற பிள்ளைமேல் எந்தத் தாயும் மனுக் கொடுக்க விரும்பமாட்டாள். அந்த நிலைக்கு அவளை வரவிடாமல் இருப்பதே பிள்ளைகளுக்கு அழகு.

மாண்டவள் படத்துக்கு மாலை போடுவது எளிது. இருக்கிறவள் இலையில் முதலில் சோறு போடுவது பல வீடுகளில் இன்னும் வழக்கமாகவில்லை. அது வழக்கமாகும் வீட்டில்தான் அப்பாயியின் கணக்கு நேராகும்.