முன்னொட்டை மறைத்து மருத்துவம் கற்பிப்பதா?

சப்-இன்ஸ்பெக்டர், சப்-கலெக்டர், சப்வே, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் என்று தமிழ்நாட்டில் அன்றாடம் புழங்குகிற சொல் 'சப்'. அது லத்தீன் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் போகிற வழி சப்வே, இன்ஸ்பெக்டருக்கு ஒரு படி கீழே இருப்பவர் சப்-இன்ஸ்பெக்டர் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளை மேல்வகுப்புக்குப் போய் 'சப்மேண்டிபுலர் சுரப்பி' என்ற பெயரைப் பார்த்ததும் மிரண்டுபோய், எழுத்துக்கூட்டி, திரும்பத் திரும்ப எழுதி உருப்போடுகிறது. மேண்டிபிள் என்றால் கீழ்த்தாடை எலும்பு. சப் என்றால் சப்வேயில் வருகிற அதே சப். இந்த ஒரு வரியை ஆசிரியர் சொல்லிவிட்டால் உருப்போட வேண்டிய வேலையே இல்லை. பல வகுப்பறைகளில் அந்த ஒரு வரிதான் விடுபட்டுப் போகிறது.

நாக்குக்கு அடியில் இருப்பது சப்லிங்குவல் சுரப்பி. காறை எலும்புக்கு அடியில் ஓடுவது சப்கிளேவியன் தமனி. விலா எலும்புகளுக்கு இடையே இருப்பவை இன்டர்காஸ்டல் தசைகள். தசைக்குள்ளே போடுவது இன்ட்ராமஸ்குலர் ஊசி. இன்டர் என்றால் இடையே, இன்ட்ரா என்றால் உள்ளே, சுப்ரா என்றால் மேலே, எக்ஸ்ட்ரா என்றால் வெளியே. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முன்னொட்டுகள் பிடிபட்டால், உடற்கூறியல் நூலில் மிரட்டுகிற பெயர்களில் பெரும்பகுதி வெறும் முகவரிகளாகிவிடும். எந்த எலும்புக்குப் பக்கத்தில், எந்த உறைக்கு வெளியே என்பதைத்தான் அவை சொல்கின்றன.

இந்த முகவரி தவறினால் என்ன ஆகும் என்பதை ஊசி போடுகிற செவிலியரைக் கேட்டால் சொல்வார். இன்சுலின் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் போக வேண்டியது, அது சப்கியூட்டேனியஸ். ஊசி இன்னும் ஆழமாக இறங்கித் தசைக்குள் போய்விட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை எதிர்பாராத நேரத்தில் சரியும். பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தோலுக்கு அடியில் அல்ல, தோலின் அடுக்குக்குள்ளேயே போக வேண்டியது, அது இன்ட்ராடெர்மல்.

நாய்க்கடி ஊசியில் இந்த வேறுபாடு பணக்கணக்காகவும் மாறுகிறது. தசைக்குள் போடும் முறையில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு முழுக் குப்பி. அப்படி ஐந்து தவணை. தோலுக்குள் போடும் முறையில் ஒரு தடவைக்கு 0.1 மில்லி வீதம் இரண்டு இடங்களில் போட்டால் போதும். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கே தவணை, மொத்தம் 0.8 மில்லி. தோலில் நோய் எதிர்ப்பு செல்கள் செறிந்திருப்பதால் குறைந்த மருந்தே வேலை செய்துவிடுகிறது. ஒரு குப்பியைப் பலருக்குப் பகிர முடிகிற இந்த முறையை இந்தியா 2006இல் ஏற்றது. நாய்க்கடியோடு கூட்டமாக வருகிறவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் தட்டுப்பாடில்லாமல் மருந்து கிடைக்க இது பெரிய உதவி.

விபத்துப் பிரிவில் கிடைக்கும் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் முன்னொட்டின் எடை இன்னும் கூடுகிறது. மூளையைச் சுற்றி மூன்று உறைகள். வெளியே டியூரா, நடுவில் அரக்னாய்டு, உள்ளே மூளையோடு ஒட்டிய பயா. ரத்தம் டியூராவுக்கு வெளியே தேங்கினால் எக்ஸ்ட்ராடியூரல். பெரும்பாலும் மண்டையோடு உடைந்து தமனி கிழிந்ததால் வருவது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழந்துவிடக்கூடும் என்பதால் இதில் ஒரு நிமிடமும் வீணாக்க முடியாது. டியூராவுக்கு அடியில் தேங்கினால் சப்டியூரல். இங்கே கிழிவது பெரும்பாலும் சிரை, கசிவு மெதுவானது. முதியவர் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்ததை வீட்டார் மறந்தே போன பிறகு, சில வாரம் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமுமாக அது தலைகாட்டும். அரக்னாய்டுக்கு அடியில் கசிந்தால் சப்அரக்னாய்டு. அடிபடாமலேயே, மூளைத் தமனியின் புடைப்பு வெடித்தும் இது வரும். இடம் மாறினால் நோயே மாறிவிடுகிறது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிற குடும்பத்துக்கு இதை ஒருவர் எளிய தமிழில் சொன்னால் எவ்வளவோ தெளிவு பிறக்கும்.

இதைத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்பவர்கள் இலக்கணத்தைப் புரட்டட்டும். லத்தீனின் இந்த முன்னொட்டுகள் செய்கிற வேலையை நம் மொழியில் ஏழாம் வேற்றுமை செய்கிறது. இடப்பொருள் தரும் சொற்களாகத் தொல்காப்பியம் பத்தொன்பதைப் பட்டியலிட்டது; நன்னூல் அதை இருபத்தெட்டாக விரித்தது. மேல், கீழ், இடை, உள், புறம், முன், பின் எல்லாம் அதில் உண்டு. வேறுபாடு வரிசையில்தான். லத்தீன் இடத்தை முதலில் சொல்லி உறுப்பைப் பின்னால் வைக்கும்; தமிழ் உறுப்பைச் சொல்லி இடத்தைப் பின்னால் வைக்கும். சப்லிங்குவல் நாவடி ஆகிறது, சப்கியூட்டேனியஸ் தோலடி ஆகிறது. இயல்பாக நாவில் உருளுகிற சொற்கள்.

ஆனால் 'சப்' வந்த இடமெல்லாம் 'அடி' என்று போட்டுவிட முடியாது. விலங்கியலில் 'சப்ஸ்பீஷிஸ்' என்றால் இனத்துக்கு அடியில் கிடப்பது அல்ல, இனத்துக்குள் ஒரு பிரிவு. ஆசிய யானை ஒரே இனம். அதில் இந்திய யானை ஒரு துணையினம், இலங்கை யானை இன்னொன்று. மருத்துவத்தில் 'சப்அக்யூட்' என்றால் நோய் முற்றும் வேகத்தில் ஒரு மாற்றுக் குறைவு. அடி, துணை, குறை என்று மூன்று பொருள்களை லத்தீன் ஒரே சொல்லுக்குள் அடைத்திருக்கிறது. தமிழ் அவற்றைப் பிரித்துச் சொல்லும் என்பது நமக்கு வசதிதான், மொழிபெயர்ப்பவர் விழிப்போடு இருந்தால்.

கிரேக்கமும் கலந்தபிறகு இன்னும் வேடிக்கை. லத்தீன் சப், கிரேக்க ஹைப்போ இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை, பொருளும் ஒன்றே. ஆனால் மூளையில் ஹைப்போதலாமஸ் வேறு, சப்தலாமஸ் வேறு. முதலாவது பசி, தாகம், உடல்வெப்பத்தைக் கவனிப்பது. இரண்டாவது உடலசைவோடு தொடர்புள்ளது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மின்முனை பொருத்துகிற இடங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் 'கீழ்த்தலாமஸ்' என்று பெயர்த்துவைத்தால் அறுவை மருத்துவர் திகைத்துப்போவார். அட்ரினலினும் எபிநெஃப்ரினும் இதற்கு நேர்மாறு. ஹார்மோன் ஒன்று, பெயர் இரண்டு. சிறுநீரகத்தை ஒட்டியது என்பது லத்தீன், சிறுநீரகத்தின் மேல் இருப்பது என்பது கிரேக்கம். 'அட்ரினலின்' அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயராகிவிட்டதால் அங்கே மற்றப் பெயர் நிலைத்தது.

ஆகவே எல்லாச் சொல்லையும் தமிழாக்கியே தீருவது என்ற பிடிவாதம் தேவையில்லை. அப்படியே ஆங்கிலத்தில் விழுங்கு என்று மாணவரை விரட்டுவதும் நியாயமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவரது 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வந்தது. தமிழில் சொல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்று போனவர். வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். கொள்கைச் சண்டையைவிடப் பாடம் புரிவது முக்கியம் என்று நினைத்த மனிதர்.

இப்போது இது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இந்தப் பெயர்க்காட்டுக்குள் தள்ளப்படுகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. இந்தப் பெயர்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலக் கான்வென்ட்டில் படித்தவருக்கும் லத்தீன் வீட்டுமொழி அல்ல என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது.

11ஆம் வகுப்பு உயிரியல் நூலின் தொடக்கத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். முன்னொட்டு, அதன் பொருள், தமிழில் அதன் இணை, ஒரு உறுப்பின் பெயர், ஒரு மருந்தோ நோயோ எடுத்துக்காட்டாக. சப் என்ற வரிசையில் மூன்று பொருளையும் தனித்தனியே காட்ட வேண்டும். ஹைப்போவைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் முதலாண்டு தொடக்கத்தில் நடத்தும் அடித்தளப் பயிற்சியிலும் அதே இரண்டு பக்கத்தை ஒரு பிற்பகல் நடத்தலாம். கூடுதல் செலவு கிடையாது, புதிய ஆசிரியர் பணியிடமும் வேண்டாம். பாடநூல் நிறுவனம் அடுத்த பதிப்பிலேயே இதைச் சேர்க்க வேண்டும்.