ஒரு சீலுக்கு இவ்வளவா?

போன வாரம் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் டீக்கடை வாசலில் ஒரு கடன் ஏஜென்சிக்காரர் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "ஒரு சீல் குத்துறதுக்கு இவ்வளவா வக்கீல் சார்? பழைய பாக்கியெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம்." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்த நோட்டரிங்க தொல்ல தாங்கல அண்ணாச்சி" என்றார். குடித்த டீ கசந்துவிட்டது எனக்கு.

ஊர் முழுக்க இதே நினைப்புத்தான். நோட்டரி என்றால் சீல், சீல் என்றால் பத்தோ இருபதோ, அதிலும் பேரம். அந்தச் சீல் கைக்கு வர, பொதுவாகப் பத்து வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். பிறகு அரசு நியமிக்க வேண்டும். அதை யார் கேட்கிறார்கள்?

1952-ஆம் வருஷத்து நோட்டரி சட்டம், எட்டாம் பிரிவு. கப்பல், படகுகளின் 'புரொட்டஸ்ட்'டை எழுதிப் பதிவதும் நோட்டரியின் வேலை என்கிறது. நம்மூருக்கென்றே எழுதியது போல. மாலத்தீவுக்குப் போன தோணி காற்றில் சிக்கி, தோணியைக் காப்பாற்றப் பாதிச் சரக்கைக் கடலில் தள்ளியாகிவிட்டது என்று வையுங்கள். கரை சேர்ந்ததும் தோணியை ஓட்டி வந்த தண்டல் நோட்டரி முன்னால் உட்கார்ந்து எந்த இடம், என்ன காற்று, எதைத் தள்ளினோம் என்று சொல்லிப் பதிகிறார். சரக்குக்காரரும் இன்சூரன்ஸ்காரரும் மல்லுக்கு நிற்கும் நாளில் தண்டலுக்கு அந்தத் தாள்தான் துணை. ஆனால், ஒரு சீல்தானே! பேசாமல் ஆளுக்கொரு சீல் செய்து தண்டல்மார் இடுப்பில் கட்டி அனுப்பிவிடலாமே?

நோட்டரி தன் கட்டணத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதி மாட்ட வேண்டும் என்பது விதி. நோட்டரிக்குக் காசு கொடுக்கும்போது 'கவர்மெண்ட் ரேட்' என்று அந்தப் பலகையைக் காட்டும் ஏஜென்சி, கடன் வாங்க வந்தவரிடம் 'நோட்டரி சார்ஜ்' வசூலிக்கும்போது பலகையை மறந்துபோகிறது. அதன் கமிஷன் எந்தச் சுவரில் தொங்குகிறது?

பத்திரங்களைக் கட்டுக்கட்டாக அனுப்புகிறோம், ரேட்டைக் குறையுங்கள் என்பார்கள். குறைத்தால் ஆளைப் பார்க்க நேரம் ஏது? கையெழுத்து மட்டும் விழும். அப்புறம் அவர்களே, "இப்பல்லாம் நோட்டரி ஆளப் பாக்காமலே கையெழுத்துப் போடுறாரு" என்று அங்கலாய்ப்பார்கள். ஆளைப் பார்க்காத புரொட்டஸ்டை நம்பி எந்தத் தண்டல் கோர்ட்டு ஏறுவார்?

ரேட்டைக் குறைத்து எதிராளியைச் சாய்க்கும் வித்தை இந்த ஊர் பார்த்ததுதான். 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்துத்தான் நெருக்கியது. அந்தச் சுதேசிக் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி.யும் வக்கீல்தான். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5 அன்று படத்துக்கு மாலை போட இந்த ஏஜென்சிக்காரர்கள்தான் முதலில் நிற்பார்கள். வக்கீல் பாக்கி மட்டும் அப்படியே நிற்கும்.

சங்கு குளிக்கிறவர்கள் கதையும் இதுதான். முன்பணம் கொடுத்த வியாபாரியே விலையும் சொல்வார். மூச்சடக்கி எடுத்து வந்தவர் வாய் திறக்க முடியாது. நோட்டரி வாய் திறந்து பாக்கியைக் கேட்டால் அடுத்த கட்டு வேறு நோட்டரிக்குப் போகிறது. கேட்காமல் இருந்தாலோ, "அவரே கேக்கலியே அண்ணாச்சி" என்கிறார்கள்.