கனடாக் கசெற் இங்கே ஏன் ஓடுவதில்லை?

ஊரிலிருந்து கொண்டுவந்த கலியாண வீடியோ இங்கு நன்றாக ஓடும். ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா அனுப்பியதைப் போட்டால் படம் கோடு கோடாக உருளும். டெக் பழுதென்று எறிந்துவிடாதீர்கள்.

இலங்கையும் நியூசிலாந்தும் 'பால்' முறை (குடிக்கிற பால் அல்ல!): 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். கனடா என்.ரி.எஸ்.சி.: 525 கோடுகள், ஏறத்தாழ 30 படங்கள். பிரான்சில் சேகாம் முறையில் பதிந்த கசெற் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக வரும். சத்தம் சரியாகக் கேட்கும். லண்டன், சுவிஸ் கசெற்றுகளில் இந்தத் தொல்லை இல்லை.

யப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 இல் நிறுத்தியதோடு புது டெக் தயாரிப்பு முடிந்துவிட்டது. ஏவன்டேல் ஞாயிறு சந்தை போன்ற இடங்களில் பழையது அகப்பட்டால், அது என்.ரி.எஸ்.சி. கசெற்றையும் ஓட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

வயரில் மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. புது ரிவிகள் பலவற்றில் மஞ்சள் துளையே இல்லை. எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சிறு பெட்டி வேண்டும். "ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு" என்பதையே வாங்குங்கள், எதிர்ப்பக்கம் மாற்றுவதும் அதே தோற்றத்தில் விற்கிறது, அது உதவாது. சில ரிவிகளில் மஞ்சள் வயரைப் பச்சைத் துளையில் செருகவேண்டும். அப்போதும் நிறம் வராவிட்டால் ரிமோட்டில் ஏ.வி.யைத் தெரிவுசெய்யுங்கள்.

அம்மம்மாவின் குரல் அந்த ஒரு கசெற்றில் மட்டுமே இருக்கிறதென்றால், போடுமுன் கண்ணாடி வழியே நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போடவேண்டாம், நாடா அறுந்துவிடக்கூடும். கசெற்றின் முதுகுப்பக்கத்துச் சிறு பிளாஸ்ரிக் துண்டையும் முறித்துவிடுங்கள். பிள்ளைகள் பதியும் பொத்தானை அமத்தினாலும் அழியாது.